கேன்பராவின் இடது பக்கம்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியமேரி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் பெரம்பலூரில் ஒரு பியூட்டி பார்லர் நாற்காலியில், பாதித் தலைக்கு மட்டும் டை பூசிய கோலத்தில் உட்கார்ந்திருந்தேன். என் முடி இயற்கையிலேயே கறுப்பு என்பது என் வீட்டுக்காரருக்கும், என்னிடம் இன்சூரன்ஸ் பாலிசி எடுத்தவர்களுக்கும் உள்ள நெடுநாள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கட்டிக்காப்பதற்காகவே தெரிந்த முகம் எதுவும் எட்டிப் பார்க்காத சந்தாகப் பார்த்து அந்தக் கடையைப் பிடித்து வைத்திருந்தேன். போனில் அக்காவின் தம்பி சவரிமுத்து. "வள்ளிக்கா, அக்கா போயிட்டாங்க" என்றார். "எங்க போயிட்டாங்க?" என்று கேட்டேன். எப்போதும் எங்காவது கிளம்பிப் போய்க்கொண்டே இருந்தவரைப் பற்றி வேறு எப்படிக் கேட்பது? அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

பூசியதை அவசரமாகக் கழுவிக்கொண்டு அரியலூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். கண்ணாடி பார்க்கவில்லை. துக்க வீட்டுக்குள் நுழைந்தபோது என் தலையில் இடது பக்கம் கன்னங்கரேல், வலது பக்கம் வெள்ளை. அக்காவின் காலடியில் உட்கார்ந்து நான் அழுதுகொண்டிருந்தபோது, வரதராஜன்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "பாவம், மேரி போன துக்கத்துல இந்தப் பொண்ணுக்கு ஒரே நாள்ல பாதித் தல நரச்சுப்போச்சு பாரு." நான் மறுக்கவில்லை. துக்க வீட்டில் வாக்குவாதம் எதற்கு?

இந்த ஊர்க்காரர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அரியலூரில் ஆஸ்பத்திரி வாசலை மிதித்த எவருக்கும் 'எக்ஸ்ரே மேரி'யைத் தெரியும். அவருக்கோ உங்களை இன்னும் நன்றாகத் தெரியும். உங்களில் பாதிப் பேரின் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தவர் அவர். யார் பீடியை விடவில்லை, யாருக்குப் பழைய முறிவு, எந்த வீட்டுப் பெண் 'படியில் வழுக்கி விழுந்தேன்' என்று பொய் சொன்னாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. அந்த வேலையில் நான் இருந்திருந்தால் ஜில்லாவே இரண்டாகியிருக்கும்.

எங்கள் சிநேகம் என் மணிக்கட்டில் தொடங்கியது. பாடாலூரில் ஒரு பாலிசி முடித்த சந்தோஷத்தில் ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டேன். அரியலூரில் ஒரு சொந்தக்காரரைப் பார்க்கப் போன இடத்தில் கை வீங்கிக்கொண்டே வந்தது. எக்ஸ்ரே அறைக்கு அனுப்பினார்கள். அக்கா என் கையைத் தட்டையாக வைத்து ஒரு படம் எடுத்தார். "அவ்வளவுதானே? எலும்பு நல்லாத்தானே இருக்கு, நான் கெளம்பறேன்" என்று எழுந்தேன். வீங்கிய கையோடும் அவருக்கு ஒரு பாலிசி விற்கப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அவர் என் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தார். "ஒரு பக்கம் மட்டும் பாத்துட்டு ஒண்ணும் சொல்லக் கூடாதுடி" என்றார். பார்த்த முதல் நாளே 'டி'. கையைப் பக்கவாட்டில் திருப்பி இன்னொன்று எடுத்தார். அதில் இருந்தது, முடி ஒட்டிக்கொண்டதுபோல மெல்லிய விரிசல். முதல் படத்தில் அது இல்லவே இல்லை. மாவுக்கட்டோடு வீடு திரும்பினேன். பாலிசி அவர் கடைசிவரை எடுக்கவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எல்லாரும் வேளாங்கண்ணிக்குப் போவார்கள் என்று எதிர்பார்த்தபோது அக்கா ஒரு கேமரா வாங்கினார். அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பெங்களூர் போனவர், முகூர்த்தத்துக்கும் வரவேற்புக்கும் இடையில் கிடைத்த நேரத்தில் பழைய போர் விமானங்களை நிறுத்தி வைத்திருக்கும் ஓர் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிட்டார். வரவேற்புக்குப் போய்ச் சேரவில்லை. கடைசிவரை அந்த அண்ணி அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாவுக்கு வந்தபோதும் விறைப்பாகத்தான் நின்றிருந்தார்.

"அப்படி என்னக்கா இருக்கு அதுல?" என்று கேட்டேன்.

"வேல பாத்த காலமெல்லாம் அசையாதீங்க, அசையாதீங்கன்னு கெஞ்சிக்கிட்டே இருந்தேன்டி. ஒரு ஆளாவது கேட்டிருப்பானா? இது பாரு. நாம சொல்லாமலே அசையாம நிக்குது. ஒரு காலத்துல என்னா ஆட்டம் ஆடியிருக்கும்! இப்ப நின்னுருச்சு. பாக்கணும்ல?"

அதன் பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். பெங்களூர், கோவா, இடையில் எங்கெல்லாம் ஒரு கல்லூரி வாசலிலோ பூங்காவிலோ ஓய்வுபெற்ற விமானத்தைத் தூண்மேல் ஏற்றி வைத்திருக்கிறார்களோ அங்கெல்லாம். மற்றவர்கள் விமானத்தைச் சாய்த்தும் சரித்தும், சூரியன் இறக்கையில் மின்னும்படியும் படம் எடுப்பார்கள். அக்காவுக்கு அந்த வேலையே கிடையாது. நேர் முன்னாலிருந்து ஒன்று. வலது பக்கவாட்டில் ஒன்று. இடது பக்கவாட்டில் ஒன்று. மார்பு எக்ஸ்ரே எடுப்பதுபோலத்தான். ஒவ்வொன்றிலும் கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று இன்னொன்று எடுத்துக்கொள்வார். அழுத்துவதற்கு முன் பழக்க தோஷத்தில் "மூச்ச இழுங்க... பிடிங்க..." என்பார். பெங்களூரில் பக்கத்தில் நின்றிருந்த தமிழ்க்காரர் ஒருவர் உண்மையாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா "விடுங்க" சொல்ல மறந்துவிட்டார். அந்த மனிதர் கண் பிதுங்கி என்னைப் பார்த்தபோது நான்தான் சொல்லி விடுவித்தேன்.

எனக்கும் ஒரு பதவி உண்டு. எக்ஸ்ரேயில் எது இடது, எது வலது என்று காட்ட ஓர் எழுத்து வைப்பார்களே, அந்த வேலை. அட்டையில் ஆங்கில 'எல்' எழுதிக் கையில் கொடுத்து இடது இறக்கைக்குக் கீழே நிறுத்திவிடுவார். முதல் தடவை நான் தவறான இறக்கையின் கீழ் போய் நின்றேன். "ஏண்டி, உன் எடதா கேட்டேன்? அதோட எடதுடி! படுத்திருக்கறவங்க பக்கத்துலேருந்து பாக்கணும், நிக்கிறவ பக்கத்துலேருந்து இல்ல" என்று சத்தம் போட்டார். ஆகவே, நாட்டின் புகழ்பெற்ற போர் விமானங்கள் பலவற்றின் அடியிலும், வண்டி ஓட்டப் பழகுகிறவள்போல 'எல்' போர்டு பிடித்துக்கொண்டு, பெரம்பலூர்க்காரி ஒருத்தி அசடு வழிய நின்றுகொண்டிருக்கிறாள்.

கோவாவில் ஒரு புதுமண ஜோடி, விமானத்தின் முன்னால் தங்களை ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டது. கோயம்புத்தூர்ப் பிள்ளைகள். அவர்கள் எப்படியெல்லாம் நிற்கலாம் என்று தயாராகிக்கொண்டிருந்தார்கள். அக்கா "நேரா பாருங்க" என்று ஒன்று எடுத்தார். "இப்ப ரெண்டு பேரும் அப்படியே செவத்தப் பாத்துத் திரும்புங்க, தாடைய லேசா தூக்குங்க" என்று இன்னொன்று எடுத்தார். படத்தைப் பார்த்த மணப்பெண்ணின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "ஆன்ட்டி, போலீஸ் ஸ்டேஷன்ல எடுத்த மாதிரி இருக்கு" என்றாள். அக்கா கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "பக்கவாட்டுல பாத்தாத்தான் கண்ணு, முழு வெவரம் தெரியும். உன் வீட்டுக்காரருக்குக் கழுத்து கொஞ்சம் முன்னால நீட்டிக்கிட்டு இருக்கு. தலகாணிய மாத்தச் சொல்லு" என்றார்.

எடுத்த படங்களை ஒளி ஊடுருவும் தாளில் அச்சடித்து, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்க்கப் பயன்பட்ட பழைய விளக்குப் பெட்டி ஒன்றைத் தன் அறைச் சுவரில் மாட்டி, அதில் செருகிப் பார்ப்பார். விளக்கைப் போட்டால் 'மிக்' முதலான விமானங்கள் எலும்பும் நரம்புமாக ஒளிரும். பக்கத்து வீட்டு அம்மா ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் பதறிப்போய், "யாருக்கு என்னம்மா ஒடம்புக்கு?" என்று கேட்டாராம். "மிக்குக்கு. வயசாயிருச்சு" என்றாராம் அக்கா.

எல்லா விமானங்களிலும் அவருக்கு ஒன்றுதான் செல்லம். கேன்பரா. குண்டு போடும் வேலையைத் தவிர, அவற்றில் சிலவற்றுக்கு மேலே பறந்தபடி கீழே இருப்பதைப் படம் எடுத்து வரும் வேலையும் இருந்ததாம். "இதுவும் நம்ம டிப்பார்ட்மென்ட்டுதான்டி" என்பார். பெங்களூர் போகும் சாலையில் ஓர் ஊரில், ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் அவருடைய கேன்பரா நின்றது. ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன்; ஏன் என்று கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரியும். அங்கே விமானங்களைச் சுற்றுச்சுவரை ஒட்டி, ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியிருந்தார்கள். இடது பக்கம் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி. இடையில் முள்செடி. முன்பக்கமும் வலது பக்கமும் கிடைத்தன. இடது பக்கம் கிடைக்கவில்லை. விளக்குப் பெட்டியில் கேன்பராவுக்கு மட்டும் மூன்றாவது இடம் காலியாகவே கிடந்தது. ஒவ்வொரு முறை அந்த வெற்று வெளிச்சத்தைப் பார்க்கும்போதும் அக்கா உச்சுக்கொட்டுவார். எனக்கு அது விளையாட்டாகத்தான் தெரிந்தது.

பிறகு அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயத்தில் வால்வு கெட்டுப்போயிருந்தது. தன் நெஞ்சுப் படத்தைத் தானே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, டாக்டர் சொல்வதற்கு முன்பே "ம்ம், பெருத்துருச்சு" என்று சொன்னவர். அறுவை சிகிச்சையை உடம்பு தாங்காது என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். படி ஏறக்கூடாது, அலையக்கூடாது. ஒரு நாள் என்னை வரச்சொல்லி, "வள்ளி, அந்த எடது பக்கத்த மட்டும் எடுத்துட்டு வந்துடலாம்டி" என்றார். "இதுல என்னக்கா இருக்கு, படம்தானே" என்றேன். அவர் குரல் இறங்கிவிட்டது. "எத்தனையோ பேர ரெண்டு பக்கமும் பாத்து அனுப்பியிருக்கேன். அரைகுறையா ஒண்ணையும் விட்டதில்ல. இத ஒண்ண விட்டுட்டுப் போனா எனக்கு மனசு கேக்காது." போனால் என்று அவர் சொன்னது பெங்களூர்ச் சாலையைப் பற்றி அல்ல என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இருவரும் தெரியாததுபோல ஆளுக்கொரு முறுக்கைக் கடித்தோம்.

சவரிமுத்து முதலில் குதித்தார். "மாடிப்படி ஏறக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, நீ மல ஏறணும்ங்கிற!" கடைசியில் என் பக்கம் திரும்பினார். "வள்ளிக்கா, உங்கள நம்பித்தான் அனுப்புறேன். ஒரு படி... ஒரு படிகூட ஏறக்கூடாது." அக்கா மாதா படத்தின் மேல் கை வைத்து ஏற மாட்டேன் என்று சத்தியம் செய்தார். வாடகைக் கார் பிடித்து, பெரம்பலூர், ஆத்தூர், சேலம் வழியாக, வழியெல்லாம் ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கியபடி வந்தார். தூக்கத்தில் அவர் மூச்சு விடுவதை நான் பார்த்துக்கொண்டே வந்தேன். இழுங்க, பிடிங்க, விடுங்க. மூன்றாவது வரும்வரை எனக்கு நிம்மதியில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இருந்தது. அதன் மொட்டை மாடியில் நின்றால் இடது பக்கம் தெரியும் என்பது அக்காவின் கணக்கு. கதவைத் திறந்த அம்மா, கேமராவும் கையுமாக நின்ற எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு நீங்க? எதுக்கு மாடி?"

என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. உங்கள் மருமகள் எப்படி, மகன் எங்கே வேலை, மூட்டுவலி எந்தக் காலில் என்று விசாரித்து, காப்பி குடித்து முடிப்பதற்குள் அந்த அம்மா மருமகளைப் பற்றி என்னிடம் சொல்லக்கூடாததெல்லாம் சொல்லியிருந்தார். மாடிக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் மாடிக்குப் போகப் படியே இல்லை. சுவரில் சாய்த்து வைத்த இரும்பு ஏணி.

அக்கா ஏணியைப் பார்த்தார். பிறகு கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார்.

"அய்யோ அக்கா! எனக்கு ஸ்டூல்மேல ஏறினாலே கிறுகிறுக்கும்."

"தெரியும்டி. ஏறு."

"நான் படம் எடுத்தா யாருக்கும் தல இருக்காதே."

"கேன்பராவுக்குத் தல முக்கியமில்ல. பக்கம்தான் முக்கியம். ஏறு, கீழ பாக்காத."

பாதிக் கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். பாதி வழியில் சேலை ஏணியில் மாட்டிக்கொண்டது. கீழே அந்த அம்மா என் சேலை நுனியை விடுவித்துவிட்டு, கூடவே என் எடையைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் சொன்னார். மேலே போய்க் கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

"என்னாடி தெரியுது?" கீழிருந்து அக்காவின் குரல். மூச்சு வாங்கிக்கொண்டே கத்தினார்.

"வெள்ளியா தெரியுதுக்கா!"

"முழுப்பக்கமும் தெரியுதா?"

"தெரியுது! ஆனா எறக்கைமேல ஒரு சேல காயுது!"

கீழிருந்து வீட்டுக்கார அம்மாவின் குரல்: "அது... தகரம் நல்லா சுடும்ங்க. போட்ட கையோட காஞ்சிரும். யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க." ஊர் பெயரை நான் ஏன் சொல்லவில்லை என்பது இப்போது தெரிந்திருக்கும்.

"எடுக்கட்டாக்கா?"

"நேரா நில்லு. சாயாத. மூச்ச இழு... பிடி..."

பிடித்தேன். அழுத்தினேன்.

"விடு" என்றார்.

கீழே இறங்கியபோது என் முழங்கை சிராய்த்து, சேலையெல்லாம் துரு. அக்கா கேமராவை வாங்கிப் படத்தைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முழங்கையைப் பார்த்தார். "இன்னொண்ணு எடுத்துடவாக்கா? எதுக்கும் இருக்கட்டும்" என்று கேட்டேன். அப்படிக் கேட்டபோதே மனதுக்குள் எல்லா சாமியையும் கும்பிட்டுக்கொண்டேன்.

"வேணாம்டி. இது போதும். ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார். அந்த வீட்டுத் தேங்காயெண்ணெயை வாங்கி என் முழங்கையில் தானே தேய்த்துவிட்டார். ஊர் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பித் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். தொப்பூர் தாண்டும்போது ஒரு தடவை குலுங்கிச் சிரித்ததில் மூச்சு முட்டி, காரை ஓரமாக நிறுத்த வேண்டியிருந்தது. "என்னக்கா?" என்றேன். "ஒண்ணுமில்ல. சந்தோஷம்" என்றார்.

அந்த வாரமே படத்தை அச்சடித்து விளக்குப் பெட்டியின் காலி இடத்தில் செருகினார். மேலே 'எல்' எழுத்தை ஒட்டினார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "இது வள்ளி எடுத்தது" என்று சொன்னாராம். சவரிமுத்துவிடம், "இப்பத்தான் பொட்டி நெறஞ்சுது" என்றாராம். மழைக்காலம் முடியும்வரை இருந்தார். ஒரு காலையில் காப்பியைக் குடித்துவிட்டு, அந்தப் பெட்டிக்கு எதிரே நாற்காலியில் சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்ததாம்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். யாரைப் பற்றியாவது ஒரு சேதி கிடைத்தால் அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவதற்குமுன், "ஒரு பக்கம் மட்டும் பாத்துட்டு ஒண்ணும் சொல்லக் கூடாதுடி" என்று ஒரு குரல் கேட்கிறது. அதனால் இப்போதெல்லாம் இரண்டு பக்கமும் விசாரித்துவிட்டுத்தான் கொண்டுபோகிறேன். சேதி முன்பைவிட நீளமாகிவிடுகிறது. பயம் வந்தால் மூச்சை இழுத்துப் பிடிக்கிறேன். விடுவதற்கும் மறப்பதில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் சவரிமுத்து விளக்குப் பெட்டியைப் படங்களோடு என் வீட்டில் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார்.

நேற்றுத்தான் மூன்று படங்களையும் முதன்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தேன். கேன்பராவுக்கு இறக்கைக்கு ஒன்றாக, குடம்போல் பருத்த எஞ்சின் உண்டு. முன்பக்கப் படத்தில் இரண்டும், வலது பக்கப் படத்தில் ஒன்றும் பளிச்சென்று தெரிகின்றன. நான் எடுத்த விமானத்தின் இறக்கையில் எஞ்சினே இல்லை; ஒரு சேலை மட்டும்தான் இருக்கிறது.